“தெரிந்த பக்கவிளைவுதானே, இதை ஏன் எழுத வேண்டும்?”

கொழும்பில் மருந்தாளர் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் நோயாளியையும் வைத்தியசாலையையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் பயிற்சிக்குப் போன வாட்டில் 38 வயதுப் பெண் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். சிறுநீர் கழிக்கும்போது எரிவு என்று வீட்டுக்குப் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். அங்கே கடதாசி உறையில் ஐந்து நாளைக்கு வெள்ளைக் குளிசைகள் கொடுத்திருக்கிறார்கள். குளிசை தொடங்கி ஒன்பதாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, வாய் முழுவதும் புண். பிறகு நெஞ்சிலும் முதுகிலும் தோல் சிவந்து, கொப்பளித்து, உரியத் தொடங்கியிருக்கிறது. ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் சின்ட்ரோம் என்று வாட்டில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் மருந்து ஒத்துவராமல் வரும், உயிருக்கே ஆபத்தான தோல் நோய் அது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு வாட்டில் தமிழ் தெரிந்தவர் இந்த மாணவி ஒருவரே. “வெள்ளைக் குளிசை, பெரிசு, காலையில ஒண்டு இரவில ஒண்டு” என்று அவர் சொன்னதும், இடையில் பரசிற்றமோலும் கொத்தமல்லி-வேர்க்கொம்பு அவியலும் குடித்ததைச் சொன்னதும் இவர் மூலமாகவே வைத்தியருக்குப் போயிருக்கிறது. டிஸ்பென்சரிக்கு போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் அந்தக் குளிசை கோ-ட்ரைமொக்சசோல் என்ற சல்ஃபா வகை நுண்ணுயிர் கொல்லி என்று தெரிந்தது.

மூன்று கிழமையில் அந்தப் பெண் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போய் இப்போது ஐந்து கிழமை. “மருந்தின் பாதகமான எதிர்வினையை அறிவிக்கும் படிவத்தை யாரும் நிரப்பவில்லை. நான் கேட்டபோது, ‘இது புத்தகத்தில் இருக்கிற, தெரிந்த பக்கவிளைவுதானே, எழுத என்ன இருக்கிறது?’ என்றார்கள். அவியலும் குடித்திருக்கிறார் என்பதால் மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவும் முடியாது. டிஸ்பென்சரி டொக்டருக்குப் பிரச்சினை வரும் என்றும் சொன்னார்கள். மாணவியான எனக்கு இதை எழுத உரிமை இருக்கிறதா? இப்போது காலம் கடந்துவிட்டதா? பேசாமல் முகநூலில் போட்டு மக்களை எச்சரிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். தன்னுடைய வகுப்பில் பார்மகோவிஜிலன்ஸ் (மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு) என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் வரைவிலக்கணம் எழுதுவார்கள், ஆனால் அந்தப் படிவத்தை ஒருமுறையாவது கையில் எடுத்து நிரப்பியவர் யாரும் இல்லை என்றும் வருத்தப்பட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் படிவத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நோயாளிக்குக் கொடுத்த டயக்னோசிஸ் கார்டில் ‘மருந்தால் வந்த ஸ்டீவன்ஸ்-ஜோன்சன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, எந்த மருந்து என்று எழுதவில்லை என்று. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

அந்த அக்கா இப்போது வீட்டில் இருக்கிறார். தனக்கு வந்தது ‘ஒரு குளிசை ஒத்துவராமல் வந்த வருத்தம்’ என்று அவருக்குத் தெரியும். எந்தக் குளிசை என்று தெரியாது. நாளைக்கு மறுபடி எரிவு வந்தால், அல்லது சளி பிடித்தால், அவர் இன்னொரு டிஸ்பென்சரிக்குப் போகலாம். அங்கேயும் கடதாசி உறையில் பெயர் எழுதாமல் வெள்ளைக் குளிசை கொடுக்கலாம். இந்த நோய் ஒருமுறை வந்தவருக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்தால் இரண்டாவது தடவை இன்னும் கடுமையாகத் தாக்கக்கூடும், உயிரும் போகலாம். ஆகவே முதல் வேலை இதுதான். வாட்டின் வைத்தியரிடமோ பொறுப்புத் தாதியிடமோ சொல்லி, அந்தப் பெண்ணை கிளினிக்குக்கு வரும்போது பிடியுங்கள், அல்லது வாட்டிலிருந்து போன் பண்ணச் சொல்லுங்கள். டயக்னோசிஸ் கார்டிலும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் மருந்தின் பெயரை எழுதி வைத்தியர் கையெழுத்துப் போடட்டும். சல்ஃபா வகை நுண்ணுயிர் கொல்லிகள் எதுவும் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தமிழில் ஒரு சிறிய அட்டையில் நீங்களே எழுதி, அவர் பேர்சில் வைத்துக்கொள்ளக் கொடுங்கள். எங்கே மருந்து எடுக்கப் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். கண் கிளினிக்குக்குப் போகிறாரா என்றும் கேளுங்கள். இந்த நோய் தோலில் ஆறிய பிறகும் கண்ணில் தழும்பையும் வறட்சியையும் விட்டுவிட்டுப் போகக்கூடும். கவனிக்காமல் விட்டால் பார்வையையே கெடுக்கலாம்.

சரி, இனிப் படிவம்.

சந்தேகம் போதும்

“நிரூபிக்க முடியாது” என்று உங்களிடம் சொன்னவர்கள் தப்பான அளவுகோலை எடுத்திருக்கிறார்கள். டெங்கு என்று சந்தேகம் வந்தவுடன் வாட்டில் தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவம் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. சந்தேகத்தில் அறிவிப்பதால்தான் சுகாதார வைத்திய அதிகாரியின் ஆட்கள் நேரத்தோடு அந்த வீட்டுப் பக்கம் போகிறார்கள். மருந்தின் எதிர்வினையை அறிவிப்பதும் அதே முறைதான். காரணத்தைத் தீர்மானிப்பது அறிவிப்பவரின் வேலை இல்லை. நிச்சயம், பெரும்பாலும் இருக்கலாம், இருக்கலாம், சாத்தியம் குறைவு என்றெல்லாம் தரம் பிரிக்க உலக சுகாதார நிறுவனமும் அதோடு சேர்ந்து மருந்து எதிர்வினைகளைக் கண்காணிக்கும் சுவீடனின் உப்சாலா கண்காணிப்பு நிலையமும் வகுத்த முறை இருக்கிறது. அதைப் பயன்படுத்தி மதிப்பிடுவதற்கென்றே ஆட்களும் இருக்கிறார்கள்.

உங்கள் நோயாளியின் விஷயத்தில் சந்தேகம் ஒன்றும் பலவீனமானதும் இல்லை. இந்த நோய் பொதுவாக மருந்து தொடங்கி நாலாவது நாளிலிருந்து நாலு கிழமைக்குள் தலைகாட்டும். இவருக்கு ஒன்பதாம் நாள். கோ-ட்ரைமொக்சசோல் இந்த நோய்க்குப் பேர் போன மருந்துகளில் ஒன்று. அலோபியூரினோல், கார்பமசெப்பின், ஃபெனிட்டோயின், லமோட்ரிஜின் எல்லாம் அதே வரிசையில் வருபவை. அவியலைக் குடித்ததையும் பரசிற்றமோல் எடுத்ததையும் மறைக்காதீர்கள். கூடவே எடுத்த மருந்துகளை எழுதும் இடத்தில், எந்தத் திகதியில் தொடங்கினார் என்பதோடு எழுதுங்கள். பரசிற்றமோலைக் காய்ச்சல் வந்த பிறகா முன்னரா எடுத்தார் என்பது முக்கியம். பிறகு என்றால் அது வருத்தத்துக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. மருந்தைத் தந்து மறுபடி வருகிறதா என்று பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் அது கொலைக்குச் சமம்.

“தெரிந்ததுதானே” என்ற பேச்சு

இதைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன், மூத்த வைத்தியர்களின் வாயிலிருந்தும். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மருந்து சந்தைக்கு வருவதற்கு முன்னால் சில ஆயிரம் பேருக்குக் கொடுத்துத்தான் சோதிக்கிறார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் எதிர்வினையை ஒருமுறையாவது பார்த்துவிடுவோம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்வதற்கே முப்பதாயிரம் பேர் வேண்டும். ஆகவே அரிதான, கடுமையான எதிர்வினைகளைப் பற்றி நமக்குத் தெரிந்த பெரும்பகுதி, மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு யாரோ ஒரு வாட்டில் யாரோ ஒருவர் எழுதி அனுப்பியதால் தெரிந்தது. ‘பதிவு செய்த மருந்து என்றால் பாதுகாப்பானதுதானே’ என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதிவு என்பது அன்றைக்குக் கையில் இருந்த தரவின்படி எடுத்த முடிவு. அதற்குப் பிறகு நடப்பதை வாட்டில் நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கார்பமசெப்பினை எடுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் அந்தக் குளிசையால் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் வரும் என்பது பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம். தெரிந்ததுதானே என்று எல்லோரும் விட்டிருக்கலாம். தாய்வானில் விடவில்லை. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் இருந்த 44 நோயாளிகளிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. 2007இல் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் அந்த மரபணுவைப் பரிசோதிக்கும்படி பரிந்துரைத்தது. தெரிந்த பக்கவிளைவு யாருக்கு வரும் என்பது தெரியாமல் இருந்தது. எண்ணிச் சேர்த்த பிறகுதான் அது தெரிந்தது.

நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு மருந்துத் தட்டுப்பாடு, அவசரக் கொள்வனவு, நன்கொடை என்று ஒரே மருந்து பல கம்பனிகளின் பெயரில் வந்து போனதை மருந்தகத்தில் நிற்கும் நீங்களே பார்த்திருப்பீர்கள். 2023இல் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போட்ட சொட்டு மருந்தால் நோயாளிகளுக்குத் தொற்று வந்ததாகச் சந்தேகம் எழுந்து, அந்தச் சொட்டு மருந்து பாவனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆண்டு இம்யூனோகுளோபுலின் ஊசியைப் போட்ட நோயாளிகளிடம் எதிர்வினைகளைக் கண்ட பிறகே அந்த ஊசி மருந்தைச் சோதித்தார்கள். அது மருந்தே இல்லை என்று பிறகு நாடே அறிந்தது. வாட்டில் இருந்தவர்கள் ‘ஊசி போட்டால் சிலருக்கு நடுக்கம் வருவது தெரிந்ததுதானே’ என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறியப்பட்ட எதிர்வினை ஒரே தொகுதி மருந்தில் திடீரென்று கூடுவதை ஒரு வாட்டுக்குள் இருந்துகொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பல இடங்களிலிருந்து வந்த படிவங்கள் ஒரே மேசையில் சேர்ந்தால்தான் தெரியும்.

உலகம் முழுக்க இந்தக் குறை இருக்கிறது. 12 நாடுகளின் 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மீளாய்வு ஒன்று, நடக்கும் எதிர்வினைகளில் நடுத்தரமாக 94 சதவீதம் அறிவிக்கப்படாமலே போகிறது என்று கண்டது. பிரித்தானியாவில் மருந்து எதிர்வினைகளை அறிவிக்க 1964இல் தொடங்கிய மஞ்சள் அட்டை முறையோடு நெடுங்காலம் வேலை செய்த வில்லியம் இன்மன் என்ற வைத்தியர், எழுதாமல் விடுவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்: சந்தைக்கு வந்தது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, வழக்கு வரும் என்ற பயம், நாம்தானே கொடுத்தோம் என்ற குற்ற உணர்ச்சி, எப்படி அறிவிப்பது என்று தெரியாமை, வெறும் சந்தேகத்தை எழுதுவதா என்ற கூச்சம் என்று போகிறது அந்தப் பட்டியல். உங்கள் கடிதத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. உங்கள் வகுப்பையோ வாட்டையோ மட்டும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வரைவிலக்கணத்துக்குப் புள்ளி கொடுக்கும் பரீட்சையில், நிரப்பிய ஒரு படிவத்துக்கும் புள்ளி கொடுக்கலாம். உங்கள் விரிவுரையாளரிடம் இதை நீங்கள் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

அந்த டிஸ்பென்சரி டொக்டருக்கு என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது என்றே நினைக்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமொக்சசோல் கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. இந்த எதிர்வினை மருந்தின் அளவோடு சம்பந்தப்படாதது, யாருக்கு வரும் என்று அவரால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. படிவம் கேட்பது மருந்தைப் பற்றி. கொடுத்தவர் சரியா பிழையா என்று அதில் கேள்வியே இல்லை. இது ஒழுக்காற்று விசாரணைக்கான பத்திரமும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு முன்னரும் சல்ஃபா மருந்து ஒத்துவராமல் போயிருந்ததா, அதை டிஸ்பென்சரியில் சொன்னாரா? சொல்லியும் கொடுத்திருந்தால் அது வேறு கதை. தவறான மருந்து கொடுத்தது என்ற கணக்கில் வரும். அப்போதும் எதிர்வினையை அறிவிக்கத்தான் வேண்டும். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது நோயாளியின் உரிமை, அதை அவரும் குடும்பமும் தீர்மானிக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாணவி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், தனியாக எழுத வேண்டாம். நோயாளியின் கட்டில் தலைச்சீட்டு (சிகிச்சைக் குறிப்பு) வாட்டின் பொறுப்பில் இருக்கிறது. அதிலிருந்து விவரம் எடுக்க உங்களுக்கு மேற்பார்வை செய்பவரின் சம்மதம் வேண்டும். மேலதிகத் தகவல் கேட்டு யாராவது தொடர்புகொண்டால் பதில் சொல்ல நீங்கள் அந்த வைத்தியசாலையில் இருக்கவும் மாட்டீர்கள். ஆகவே வைத்தியசாலை மருந்தாளரையோ வாட்டு வைத்தியரையோ முதல் அறிவிப்பாளராகப் போட்டு, வேலையை நீங்கள் செய்யுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் உண்மையான தயக்கம் என்று புரிகிறது. “ஏன் நீங்கள் அறிவிக்கவில்லை?” என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். “சேர், அந்த ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் பேஷன்ட்டுக்கு நான் படிவத்தை நிரப்பிக் கொண்டு வரட்டுமா? நீங்கள் ஒருக்கால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்” என்று கேளுங்கள். வாட்டில் இதை எழுதாமல் விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரமின்மை. நிரப்பிக் கையில் கொடுத்தால் மறுப்பவர்கள் குறைவு. அப்படியும் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், உங்கள் பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடம் போங்கள். மாணவி என்ற நிலையில் வாட்டோடு முறுகிக்கொள்வதில் உங்களுக்கு நட்டம் இருக்கிறது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

எதை எழுதுவது, எங்கே அனுப்புவது

நாலு விஷயம் இருந்தால் அறிக்கை செல்லுபடியாகும்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, அறிவிப்பவர், சந்தேக மருந்து, எதிர்வினை. நோயாளிக்கு முழுப்பெயர் வேண்டாம். முதலெழுத்து, வயது, பால், வாட்டு இலக்கம் போதும். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றதால் இது ‘கடுமையானது’ என்ற வகையில் வரும், அதைக் குறிக்க மறக்காதீர்கள்.

மருந்தின் கம்பனிப் பெயரும் தொகுதி இலக்கமும் உங்களிடம் இல்லை. கடதாசி உறையில் அவை இருந்திருக்காது. டிஸ்பென்சரிக்கு மறுபடி ஒரு போன் பண்ணி, அந்த நாட்களில் பாவித்த போத்தல் இன்னும் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதி அனுப்புங்கள். அதற்காகப் படிவத்தை மேசை லாச்சியில் வைத்திருக்க வேண்டாம். ஐந்து கிழமை ஆகிவிட்டதே என்ற கவலையும் தேவையில்லை. பிந்தினாலும் அது பயன்படும் அறிக்கைதான். பிந்தப் பிந்தத் திகதிகள் மறந்துபோகும், அவ்வளவுதான் நட்டம்.

அனுப்ப வேண்டிய இடம் கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதியில் இருக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. படிவம் அவர்களுடைய இணையத்தளத்தில் கிடைக்கும். முதலில் உங்கள் வைத்தியசாலை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு கோப்பில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1968இல் பத்து நாடுகளோடு தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்தில் இலங்கையும் 2000 முதல் உறுப்பு நாடு. தடுப்பூசியால் வந்த எதிர்வினை என்றால் மட்டும் வழி வேறு: சுகாதார வைத்திய அதிகாரி ஊடாகத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போக வேண்டும். குளிசை நிறம் மாறியிருக்கிறது, ஊசி மருந்தில் துகள் மிதக்கிறது என்பது போன்ற தரக் குறை என்றால் வைத்தியசாலை மூலமாக மருத்துவ வழங்கல் பிரிவுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அந்த மருந்தை எறியாமல் தனியே எடுத்து வையுங்கள், சோதனைக்குத் தேவைப்படும்.

முகநூல் வேண்டாம்

உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதைச் செய்யாதீர்கள். அரச வைத்தியசாலைத் தகவலை அனுமதியில்லாமல் வெளியிடுவது அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவைக்கு முரணானது. நீங்கள் மாணவி என்றாலும், தகவல் கொடுத்த ஊழியர் மாட்டிக்கொள்வார். அதிகாரசபைக்கு அறிவிப்பது அப்படியல்ல, அது முறையான வழி. தோல் உரிந்த நோயாளியின் படம் ஒன்றைப் போட்டால், முகத்தை மறைத்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பெண் உங்களை நம்பித் தமிழில் சொன்ன விஷயங்கள் அவை. இன்னொன்றும் இருக்கிறது. பதிவைப் பார்த்துப் பயந்து, வேறு யாரோ ஒருவர் தனக்கு அவசியமான நுண்ணுயிர் கொல்லியை இரண்டாம் நாளே நிறுத்துவார். பெரும்பாலானவர்களுக்குக் கோ-ட்ரைமொக்சசோல் எந்தப் பிரச்சினையும் தராத, மலிவான, நல்ல மருந்து.

மக்களை எச்சரிக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்துக்கு வேறு இடம் இருக்கிறது. மருந்தகக் கவுண்டரில் நிற்கும்போது, தமிழ் பேசும் நோயாளிகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “முன்னுக்கு ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துவராமல் போயிருக்கா? புதுக் குளிசை தொடங்கின பிறகு வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்பளம் வந்தால் உடனே நிறுத்திப்போட்டு வருவீங்களா?” உறையின் மேல் மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள், தமிழிலும் எழுதுங்கள். அந்த அக்காவின் உறையில் பெயர் எழுதியிருந்தால், அனுமதித்த அன்றே நீங்கள் மருந்தைக் கண்டுபிடித்திருப்பீர்கள், டிஸ்பென்சரி நம்பரைத் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

படிவத்தை அனுப்பியதும் ஒரு பிரதியை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் மருந்தாளர் மூலமாக அதிகாரசபைக்கு போன் பண்ணி, கிடைத்ததா என்று கேட்கலாம். அந்தப் பெண் கிளினிக்குக்கு வரும் திகதியை இன்றைக்கே வாட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையை அதற்குமுன் எழுதி முடித்துவிடுங்கள்.